வழக்கறிஞரின் தவறும் கட்சிக்காரரின் இழப்பும்: 2024 தீர்ப்புக்குப் பின் எஞ்சும் கேள்வி

டெல்லியில் ஒருவருக்கு வந்த 20,000 ரூபாய்க் காசோலை வங்கியில் பணமின்றித் திரும்பியது. கொடுத்தவர் மீது வழக்குத் தொடுக்க அவர் ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார். வழக்கு நடக்கும்போதே எதிராளி இறங்கிவந்து, 20,000 ரூபாய்க்கு வரைவோலையும் செலவுக்கென 5,000 ரூபாய்க்குக் கோடிட்ட காசோலையும் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததாகக் கட்சிக்காரர் சொன்னதுதான் பிரச்சினையின் தொடக்கம். வழக்கறிஞர் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டு 5,000 ரூபாய் ரொக்கம் கேட்டார்; கட்டணம் வரவேண்டும் என்று சிறுவழக்கு நீதிமன்றத்துக்கும் போனார்; பின்னர் காசோலையை ஒப்படைத்தபோது, அவர் சொல்லியே எதிராளி அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். இந்தப் புகார் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி, மாநில ஆணையம், தேசிய ஆணையம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2024 மே 14 அன்று நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, பங்கஜ் மித்தல் அடங்கிய அமர்வு அதில் தீர்ப்பளித்தது: வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது.

தீர்ப்பு வந்ததும் எழுந்த விவாதம் இரண்டு முனைகளில் நின்றுவிட்டது. வழக்கறிஞர் சங்கங்கள் அதைத் தொழிலின் தன்மானத்துக்குக் கிடைத்த வெற்றி என்றன. நுகர்வோர் அமைப்புகள் சாதாரண மனிதனுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டதாக வருந்தின. இரு தரப்பும் ஒரே அனுமானத்தில் நின்றே பேசின: வழக்கறிஞரைப் பொறுப்பாக்க முடியுமா முடியாதா என்பது நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் முடிவாகிறது என்ற அனுமானம். அந்த அனுமானம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்கறிஞர் மீதும் சட்ட நிறுவனத்தின் மீதும் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடுக்கும் உரிமை இந்தியாவில் நூறாண்டுகளாக இருக்கிறது. 2024 தீர்ப்பு அதைத் தொடவில்லை. அந்த உரிமை பயனற்றுக் கிடப்பதற்குக் காரணங்கள் வேறு: இழப்பை மெய்ப்பிக்கும் சுமை, வழக்கின் செலவு, தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் எங்கிருந்து வரும் என்ற நிச்சயமின்மை. இவற்றைப் பேசாமல் எந்த மன்றத்துக்கு அதிகாரம் என்று மட்டும் பேசுவது, இழந்தவரை இழந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

1926: கட்டணமும் பொறுப்பும் ஒன்றாகப் பிறந்த ஆண்டு

ஆங்கிலேயர் கொண்டுவந்த மரபில் பாரிஸ்டர் தம் கட்டணத்துக்காக வழக்குப் போட முடியாது. அவர் வாங்குவது கூலி அல்ல, மரியாதைக் காணிக்கை என்று கருதப்பட்டது. அதே மூச்சில், அவர் மீதும் கவனக்குறைவுக்காக வழக்குப் போட முடியாது என்ற விலக்கும் இருந்தது. இந்தியாவில் வக்கீல்கள், பிளீடர்கள், பாரிஸ்டர்கள் என்று பல படிநிலைகளில் தொழில் செய்தவர்களிடையே இந்த வேறுபாடு குழப்பத்தை உண்டாக்கியது. அதைத் தீர்க்கவே 1926-இல் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம் வந்தது. மிகச் சிறிய சட்டம். அதன் 3, 4-ஆம் பிரிவுகள் வழக்கறிஞர் தம் கட்டணத்தைக் கட்சிக்காரருடன் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதைப் பெற வழக்கும் தொடுக்கலாம் என்றன. 5-ஆம் பிரிவு, வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் எவரும் தம் தொழிற்கடமையில் நேர்ந்த கவனக்குறைவால் விளைந்த இழப்புக்கு வழக்குத் தொடுக்கப்படுவதிலிருந்து விலக்குப் பெறமாட்டார் என்றது. கட்டணம் கேட்கும் உரிமை கொடுத்த சட்டமே பொறுப்பையும் கூடவே சுமத்தியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட அதில் இடமில்லை.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 1988-இல் எம். வீரப்பா எதிர் எவலின் செக்வேரா வழக்கில் எடுத்துக்கொண்டது. கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கு அது. தம் வழக்கறிஞரின் கவனக்குறைவால் இழப்பு ஏற்பட்டதாக வழக்குப் போட்டவர், வழக்கு முடியுமுன் இறந்துபோனார். அவருடைய வாரிசுகள் அதைத் தொடர்ந்து நடத்தலாமா என்பதே மையக் கேள்வி. உடல், மனம், பெயர் சார்ந்த தனிப்பட்ட தீங்குக்கான கோரிக்கை ஆளோடு மறையும். ஒப்பந்த மீறலாலோ சொத்துக்கு நேர்ந்த நட்டத்தாலோ எழும் கோரிக்கை வாரிசுக்கு இறங்கும். எது எந்த வகை என்று சாட்சியம் பார்த்து முடிவுசெய்ய வழக்கு விசாரணை நீதிமன்றத்துக்குத் திரும்பியது. வழக்கறிஞருக்குச் சட்ட விலக்கு இல்லை என்ற நிலை அந்தத் தீர்ப்பில் அசையவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அறியாமலேயே இன்னொன்றையும் காட்டியது: வழக்குத் தொடுத்தவரின் ஆயுள் முடிந்தது, அவருக்கு இழப்பு நேர்ந்ததா என்ற விசாரணை தொடங்கக்கூட இல்லை.

2024 தீர்ப்பின் தர்க்கம்

1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவர்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்த வழியில் நடந்தே 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் வழக்கறிஞர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2024 அமர்வு அதை மாற்றி, இரண்டு காரணங்களை முன்வைத்தது. தொழிலும் வணிகமும் வேறு, நாடாளுமன்றம் தொழில்களை இச்சட்டத்தில் சேர்க்க எண்ணவே இல்லை என்பது முதற்காரணம். சாந்தா தீர்ப்பையே பெரிய அமர்வு மறுபார்வை செய்யவேண்டும் என்ற பரிந்துரை வரை அந்தக் காரணம் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்குத் தேவையில்லை என்று முடித்துவைத்தது. ஆகவே மருத்துவர்கள் உள்ளே, வழக்கறிஞர்கள் வெளியே என்ற நிலை இன்று நிலைபெற்றுள்ளது.

இரண்டாவது காரணம்தான் கூர்ந்து நோக்கத்தக்கது. நுகர்வோர் சட்டத்தின் சேவை வரையறையில் தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தின் கீழ் செய்யப்படும் சேவைக்கு விலக்கு உண்டு. முதலாளி சொன்னபடி செய்யும் வேலையாளின் உறவை ஒத்தது அது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் முகவர். கட்சிக்காரரின் வெளிப்படையான அனுமதியின்றி எதையும் விட்டுக்கொடுக்கவோ சமரசம் செய்யவோ அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் அவர் இருக்கிறார் என்று அமர்வு முடிவுகட்டியது. அதே தீர்ப்பு வேறிடத்தில் இந்தத் தொழில் தனித்தன்மை வாய்ந்தது, சுதந்திரமானது, நீதிமன்றத்துக்குக் கடமைப்பட்டது என்று விரிவாகப் புகழ்கிறது. இரண்டும் சேர்ந்து நிற்பது கடினம். சட்ட வாதம் எதை வைப்பது, சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவது என்பவற்றில் எந்தக் கட்சிக்காரரும் வழக்கறிஞரைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்தக் கட்டுப்பாடு அவருக்கு இல்லை என்பதால்தான் அவர் ஒரு நிபுணரைத் தேடி வருகிறார். சமரசத்துக்கு அனுமதி வேண்டும் என்பது கட்சிக்காரரின் உரிமையைக் காக்கும் விதி. அதை எசமானின் கட்டளையாக விரித்துப் படித்ததில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இந்தத் தர்க்கத்தை அது தொடங்கும் இடத்திலிருந்தே கட்சிக்காரருக்குச் சாதகமாகவும் கொண்டுசெல்லலாம். வழக்கறிஞர் முகவர் என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு அவரைக் கட்டுப்படுத்தும். முகவர் தகுந்த திறனோடும் கவனத்தோடும் பணியாற்ற வேண்டும், தம் அசட்டையால் நேரடியாக விளைந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அது. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்ட அட்டவணையின் 4-ஆவது உறுப்பு, முகவரின் அசட்டைக்காக அவரை அமர்த்தியவர் தொடுக்கும் வழக்குக்கு 3 ஆண்டு தருகிறது. அந்த மூன்றாண்டு, தவறு நடந்த நாளிலிருந்து தொடங்காமல், தவறு தமக்குத் தெரியவந்த நாளிலிருந்து தொடங்குகிறது. வாய்தாவுக்கு வாய்தா 'நடந்துகொண்டிருக்கிறது' என்று பதில் கேட்டுவிட்டு, ஊருக்கு வந்த அமீனா சொல்லித்தான் தம்மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை இருப்பதை அறிந்த ஒருவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. தொழிலர்கள் தங்கள் தவறுகளுக்காகவும் தீங்குகளுக்காகவும் வழக்கைச் சந்திக்க நேரலாம் என்பதைத் தாம் மறுக்கவில்லை என்று 2024 அமர்வே தெளிவுபடுத்தியும் இருக்கிறது. தோற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு விட்டுவைத்த இந்த இடத்தை இதுவரை யாரும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

பார் கவுன்சில் தருவது தண்டனை, ஈடு அல்ல

நுகர்வோர் ஆணையம் தேவையில்லை, பார் கவுன்சில் இருக்கிறதே என்பது தீர்ப்பை ஆதரிப்போரின் வழக்கமான பதில். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவைப் படித்தால் அந்தப் பதில் எவ்வளவு குறைப்பட்டது என்பது விளங்கும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு புகாரைத் தள்ளலாம், வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். இழந்த நிலத்துக்கோ தவறிய மேல்முறையீட்டுக்கோ ஒரு ரூபாய்கூட ஈடாக வழங்கும் அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் குழுவின் வேலை தொழிலின் தூய்மையைக் காப்பது. புகார் கொடுத்தவர் அங்கே தகவல் கொடுப்பவர் மட்டுமே.

அதற்கு மேலும் ஒரு தடை உண்டு. வெறும் கவனக்குறைவு தொழில் நடத்தைக் கேடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறது. பாண்டுரங்க தத்தாத்ரேய காண்டேகர் வழக்கில் 1984-இல், தவறான ஆலோசனைக்கும் நேர்மையற்ற ஆலோசனைக்கும் கோடு கிழிக்கப்பட்டது. சென்னை நகர உரிமையியல் நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞராக இருந்த வி.பி. குமாரவேலு தொடர்பான 1997 வழக்கில், பெருங்கவனக்குறைவு நடத்தைக் கேட்டின் சாயலைப் பெறும், ஆனால் ஒழுக்கக்கேடு கலவாத கவனக்குறைவு அப்படி ஆகாமலும் போகலாம் என்றது நீதிமன்றம். ஒழுங்கு நடவடிக்கைக்கு இந்த எல்லை நியாயமானதே. காலக்கெடுவை மறந்த ஒருவரின் பிழைப்பைப் பறிப்பது கொடுமை. ஆனால் அந்த எல்லையை ஒப்புக்கொண்டால், ஈடு வழங்கும் இன்னொரு வழி திறந்திருக்கவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நேர்மையான மனிதர் மறதியால் செய்த தவறுகளே கட்சிக்காரர்களுக்கு நேரும் இழப்புகளில் பெரும்பகுதி. அவையே பார் கவுன்சிலின் கண்ணில் குற்றமாகாதவை.

வழக்குக்குள் வழக்கு

இனி உரிமையியல் நீதிமன்றத்துக்கு வருவோம். காசோலை வழக்கையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் படிகள் நாள்கணக்கில் எண்ணப்படுபவை. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எதிராளிக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். அறிவிப்புக் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள். கட்டவில்லையெனில் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவரிடம் புகார். ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வங்கியின் திரும்பல் சீட்டும் அனுப்பவேண்டிய அறிவிப்பின் வரைவும் ஒரே கேஸ் கட்டில் நூலால் கட்டப்பட்டு, குமாஸ்தா வேறு மேசையில் வைத்துவிட்டதால் அறிவிப்பு 30 நாள் கடந்து போனது என்று வைத்துக்கொள்வோம். புகார் தாக்கலில் நேரும் தாமதத்தை மன்னிக்க 2002 திருத்தத்துக்குப் பின் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அறிவிப்புத் தாமதத்துக்கு அந்த வசதி இல்லை. குற்றவியல் வழி மூடிவிட்டது. தவறு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கட்சிக்காரர் இழந்தது என்ன?

காசோலைத் தொகை முழுவதும் என்று அவர் சொல்வார். எதிராளிக்குக் கடனே இல்லை, காசோலை வெறும் பிணைக்காகக் கொடுக்கப்பட்டது என்று அந்த வழக்கில் வாதம் வந்திருக்கலாம் என்பார் வழக்கறிஞர். வென்றிருந்தாலும் எதிராளியிடம் பணமே இல்லை என்பார். உரிமையியல் வழக்குப் போட்டுப் பணத்தை இன்னும் வாங்கலாமே என்பார். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல, நடக்காமலே போன அந்த வழக்கைக் கட்சிக்காரர் இப்போது வழக்கறிஞருக்கு எதிராக நடத்திக் காட்டவேண்டும். எதிராளி இப்போது சாட்சிக் கூண்டுக்கு வரமாட்டார். கேஸ் கட்டு வழக்கறிஞரிடம் இருக்கிறது. கட்டண பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கட்டைத் திருப்பி வாங்குவதே பல கட்சிக்காரர்களுக்கு முதற்போராட்டம். தம் சொந்த இழப்பின் ஆதாரத்தையே எதிர்த்தரப்பிடம் போய்க் கேட்கவேண்டிய நிலை வேறெந்த வழக்கிலும் இவ்வளவு வழக்கமாக வருவதில்லை.

ஆங்கிலச் சட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. 1945-இல் சமையலறை மின் அடுப்பில் மின்சாரம் தாக்கி ஒரு விமானப்படை வீரர் இறந்தார். அவர் மனைவி சட்ட உதவி நாடினார். வழக்குப் போடுவதற்கான 12 மாதக் கெடுவைச் சட்ட நிறுவனம் தவறவிட்டது. கிச்சன் எதிர் ராயல் விமானப்படைச் சங்கம் என்ற அந்த வழக்கில் 1958-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எளிமையானது: அந்தப் பெண் இழந்தது வெற்றியை அல்ல, வெற்றி பெறும் ஒரு வாய்ப்பை, வாய்ப்புக்கும் விலையுண்டு. வழக்கை முழுதாக வென்றிருந்தால் 3,000 பவுண்டு கிடைத்திருக்கும் என்று கொண்டு, அவருக்கு 2,000 பவுண்டு வழங்கப்பட்டது. முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்ற கட்டத்தை இந்த அணுகுமுறை உடைத்தது. அது பின்னர் 1995-இல் அலைடு மேப்பிள்ஸ் வழக்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் வணிகப் பேரத்தில் செய்த பிழைக்கும் விரிந்தது. இந்திய நீதிமன்றங்கள் வழக்கறிஞரின் கவனக்குறைவில் இந்த வாய்ப்பிழப்புக் கோட்பாட்டை உறுதியாகப் பற்றினால், வீரப்பா வழக்கு போன்றவை விசாரணைக்கே வராமல் போகும் நிலை மாறும். சட்டம் புதிதாக இயற்ற வேண்டியதில்லை. ஈட்டின் அளவைக் கணிக்கும் வழிதான் மாறவேண்டும்.

எதிர்வாதங்கள்

வழக்கறிஞருக்கு விலக்கு வேண்டும் என்ற வாதத்தின் மிக வலுவான வடிவம் 1967-இல் பிரபுக்கள் அவை அளித்த ரொண்டல் எதிர் வொர்ஸ்லி தீர்ப்பு. 1959-இல் தண்டனை பெற்ற ஒருவர் தம் பாரிஸ்டர் சரியாக வாதாடவில்லை என்று 1965-இல் வழக்குப் போட்டார். அவை மறுத்தது. வழக்கறிஞருக்கு நீதிமன்றத்திடமும் கடமை உண்டு. கட்சிக்காரர் தம்மீது பாய்வார் என்ற பயம் வந்தால் தேவையற்ற சாட்சிகளையும் அடுக்கி, விசாரணையை இழுத்தடித்துத் தம்மைக் காத்துக்கொள்வார். முடிந்த வழக்கைப் புறவழியாக மீண்டும் திறக்கவும் அது வழிவகுக்கும். இவை அற்பமான கவலைகள் அல்ல. நம் நீதிமன்றங்களின் தாமதத்தைப் பார்த்தவர் எவரும் இரண்டாவது கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 2000-இல் அதே அவை ஆர்தர் ஜே.எஸ். ஹால் எதிர் சைமன்ஸ் வழக்கில் அந்த விலக்கை நீக்கியது. உரிமையியல் வழக்குகளைப் பொறுத்து ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, குற்றவியல் வழக்குகளைப் பொறுத்து நால்வர் பெரும்பான்மையாக. நீதிமன்றத்துக்கு ஆற்றிய கடமை எப்போதும் கவனக்குறைவு ஆகாது; முடிந்த வழக்கைத் திறக்க முயல்வோரைத் தடுக்க நீதிமன்றத்துக்கு வேறு கருவிகள் இருக்கின்றன என்பதே அதன் சாரம். விலக்கே இல்லாத கனடாவில் வழக்குகள் பெருகிவிடவில்லை என்பதும் கவனிக்கப்பட்டது. நியூசிலாந்து 2006-இல் அதே வழியில் சென்றது. ஆஸ்திரேலியா முடிவின் உறுதியைக் காரணம் காட்டி 2005-இல் விலக்கை நிலைநிறுத்தியது. 2016-இல், சமரசத்துக்கு இட்டுச்சென்ற ஆலோசனை அந்த விலக்கில் அடங்காது என்று அதையும் சுருக்கியது.

வழக்குகள் பெருகும் என்ற அச்சத்துக்கு இந்தியாவே தகுந்த பதில். 1926 முதல் விலக்கு இல்லாத நாடு இது. பெருவெள்ளம் எதுவும் வந்துவிடவில்லை. இழப்பீடு பெற்ற கட்சிக்காரர்களைச் சட்ட அறிக்கைகளில் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. தோற்றவரெல்லாம் வழக்கறிஞர் மீது பாய்வார் என்ற கவலைக்கும் பதில் ஏற்கெனவே உண்டு. வெற்றி தருவதாக எந்த வழக்கறிஞரும் உறுதியளிப்பதில்லை என்று ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு 2005-இல் சொன்னது. வழக்கில் தோற்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2021-இலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரு தரப்பு தோற்றே தீரும். பொறுப்புக்கான கேள்வி தோல்வியைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. நாளைத் தவறவிட்டது, மனுவே தாக்கல் செய்யாதது, வாங்கிய பணத்தை ஒப்படைக்காதது போன்ற, வாதத் திறனோடு தொடர்பில்லாத செயல்களையே அது முதன்மையாகக் குறிவைக்கிறது.

இன்னொரு வாதமும் உண்டு: வழக்கறிஞர் தவறினால் நீதிமன்றமே கட்சிக்காரரைக் காப்பாற்றுகிறது. 1981-இல் ரபீக் வழக்கில், வழக்கறிஞர் வராததற்குக் கட்சிக்காரர் துன்புறக் கூடாது என்று சொல்லி மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் மீட்டது. வராத வழக்கறிஞரிடமிருந்து செலவுத்தொகை வசூலிக்கவும் வழிசெய்தது. வழக்கறிஞர் போராட்டத்தால் ஒருதலைப்பட்சமாக முடிந்த வழக்கு ஒன்றில், ராமோன் சர்வீசஸ் தீர்ப்பு, கட்சிக்காரர் கட்டவேண்டிய செலவில் பாதியைச் சட்ட நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றது. ஆனால் 1993 சலில் தத்தா வழக்கில் இது பொது விதி அல்ல, வழக்கறிஞரின் செயலைக் கட்சிக்காரர் எப்போதும் கைகழுவ முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. மீட்பு என்பது நீதிபதியின் விருப்புரிமை. மீட்காதபோது எஞ்சும் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் வேலை

மேற்கண்ட வாதங்கள் யாவும் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரை மனத்தில் வைத்தவை. இன்றைய சட்டப் பணியில் பெரும்பங்கு அங்கே நடப்பதில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் சட்டக் கருத்து, நிலம் வாங்குமுன் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரங்களும் பட்டாவும் பார்த்து எழுதப்படும் கருத்துரை, நிறுவனங்களை இணைக்கும்போது நடக்கும் ஆவண ஆய்வு ஆகியவற்றில் நீதிமன்றத்துக்கான கடமையும் இல்லை, மறுதிறக்கப்படும் வழக்கும் இல்லை. ஒரு தொகுதி ஆவணங்களைப் படித்து, இந்தச் சொத்து விற்பவருடையதுதான் என்று எழுதிக் கையெழுத்திடுவது பொறியாளர் ஒரு பாலத்துக்குத் தரும் சான்றைப் போன்றது. ஐதராபாத் வங்கி மோசடி ஒன்றில் இத்தகைய கருத்துரை எழுதிய வழக்கறிஞர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை சதிக் குற்றம் சாட்டியபோது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ப. சதாசிவம் எழுதிய கே. நாராயண ராவ் தீர்ப்பு அந்த ரத்தை உறுதிசெய்தது: சதியில் பங்கேற்றதற்கு ஆதாரமில்லாமல், கருத்துரை தவறாகிவிட்டது என்பதால் மட்டும் குற்றவாளி ஆக்கமுடியாது, கவனக்குறைவு வேறு வகைப் பொறுப்பு. மிகச் சரியான வேறுபாடு. ஆனால் அந்த வேறு வகைப் பொறுப்பை நடைமுறையில் யாரும் வசூலிப்பதில்லை.

சட்ட நிறுவனங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. கருத்துரை நிறுவனத்தின் தாளில் வருகிறது. வக்காலத்து தனி வழக்கறிஞரின் பெயரில் இருக்கிறது. வேலையைச் செய்தவர் சம்பளத்துக்கிருக்கும் இளையவர். 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகள் தெளிவானவை: நிறுவனத்தின் செயலுக்குக் கூட்டாளிகள் எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, ஒரு கூட்டாளி தொழிலின் வழக்கமான போக்கில் செய்த தவறுக்கு நிறுவனமும் பொறுப்பு. இழந்தவர் நிறுவனத்தையும் கூட்டாளிகளையும் சேர்த்தே பிரதிவாதிகளாக்க வேண்டும். வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிவுசெய்த நிறுவனமென்றால், மற்ற கூட்டாளிகளின் சொந்தச் சொத்தைத் தொடமுடியாது என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். வடஇந்தியாவில் புழங்கும் பல வக்காலத்துப் படிவங்களில், அழைக்கும்போது வழக்கறிஞர் இல்லாமல்போய் வழக்கு எப்படி முடிந்தாலும் அவரைப் பொறுப்பாக்கமாட்டேன் என்ற வரி பொடியெழுத்தில் அச்சாகியிருக்கிறது. சட்டம் சுமத்திய பொறுப்பை அச்சடித்த ஒரு வரியால் துடைக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

ஈடு எங்கிருந்து வரும்

2024 தீர்ப்பால் கட்சிக்காரர் உண்மையில் இழந்தது எளிமையை. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுக்கட்டணமே இல்லை. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவோர் கோரிய தொகையில் நூற்றுக்கு 3 கட்டவேண்டும். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடு பார் கவுன்சில் விதிகளால் தடைசெய்யப்பட்டிருப்பதால், ஏற்கெனவே பணமிழந்தவர் மீண்டும் கையிலிருந்து செலவழிக்கவேண்டும், அதுவும் அதே ஊர் வழக்கறிஞர் மீது வழக்கு நடத்தத் துணியும் இன்னொரு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து. இங்கிலாந்தில் சொலிசிட்டர் நிறுவனம் ஒவ்வொன்றும் குறைந்தது 20 லட்சம் பவுண்டு, கம்பெனி வடிவில் இயங்குபவை குறைந்தது 30 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதற்கு வெளியே, 2010 முதல் இயங்கும் சட்டக் குறைதீர்ப்பாளர் நீதிமன்றத்துக்குப் போகாமலே 50,000 பவுண்டு வரை ஈடு வழங்க உத்தரவிடலாம். இந்தியாவில் வழக்கறிஞர் தொழிலுக்குக் கட்டாயக் காப்பீடு இல்லை.

காப்பீட்டுப் பிரீமியம் ஏழை இளம் வழக்கறிஞரை நசுக்கும் என்ற எதிர்ப்பு நேர்மையானது. தாலுகா நீதிமன்றங்களில் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தவிக்கும் இளையவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அதற்கான கருவி தமிழ்நாட்டில் ஏற்கெனவே கைவசம் உள்ளது. 1987-ஆம் ஆண்டு வழக்கறிஞர் நல நிதிச் சட்டத்தின்படி, இங்கே தாக்கலாகும் ஒவ்வொரு வக்காலத்திலும் நல நிதி முத்திரை ஒட்டப்படுகிறது; அதில் சேரும் பணம் வழக்கறிஞர் இறந்தால் குடும்பத்துக்கும், ஓய்வுபெற்றால் அவருக்கும் போகிறது. நல்ல திட்டம். அதே வக்காலத்தில் கட்சிக்காரர் பாதுகாப்புக்கென இன்னொரு சிறு முத்திரையை ஒட்டி, அந்த நிதியிலிருந்து பட்டியலில் உள்ள அனைவருக்கும் குழுக் காப்பீடு எடுத்தால், தனி மனிதர் மீது பெரிய சுமை விழாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கூடுதல் ஆபத்துக்குத் தாங்களே கட்டலாம். நீதிமன்ற வாதத் திறனை இழுக்காத எளிய வழக்குகளுக்கு, 35-ஆம் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் அதிகாரங்களோடு இன்னொன்றைச் சேர்க்கவேண்டும்: வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும், ஒரு வரம்புக்குள் ஈடு வழங்கவும் உத்தரவிடும் அதிகாரம். அந்த ஈட்டை நடத்தைக் கேடு என்ற தீர்மானத்தோடு முடிச்சுப்போடக் கூடாது. கவனக்குறைவு மட்டும் இருந்தாலே போதும், பெயருக்குக் களங்கமில்லாமல் பணம் மட்டும் திரும்பட்டும். அப்படிப்பட்ட உத்தரவில் குறை காண்பவருக்கு இந்திய பார் கவுன்சிலுக்கும் அதன்மேல் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்ய 37, 38-ஆம் பிரிவுகள் 1961-இலிருந்தே இருக்கின்றன.